பி.எஸ்.ஏ. குறைவு, நோயோ முற்றியிருக்கிறது: எப்படி?

அப்பாவுக்கு 71 வயது. பி.எஸ்.ஏ. 1.8தான். ஆனால் புராஸ்டேட் புற்றுநோய் கல்லீரல் வரை பரவிவிட்டது என்கிறார்கள். ரிப்போர்ட் மாறியிருக்குமோ?

மாறியிருக்கலாம்தான். ஆனால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் ஸ்மால் செல் கார்சினோமா, புராஸ்டேட் புற்றுநோயிலேயே அரிதான ஒரு வகை. புராஸ்டேட் புற்றுநோயோடு புதிதாக வருபவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இது இருக்காது. பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் செல்கள் சுரக்கும் புரதம். இந்தச் செல்களோ அந்த வேலையையே மறந்துவிட்டவை. அதனால் கட்டி வளர்ந்தாலும் எண் ஏறாது. வழக்கமான வகை பெரும்பாலும் எலும்புக்குப் போகும். இது கல்லீரல், நுரையீரல், சிலருக்கு மூளை என்று வேகமாகப் பரவும்.

பயாப்சி செய்த இடத்தில் மெழுகில் பதித்த சதைத்துணுக்கு, ‘பிளாக்’, இருக்கும். தீப்பெட்டியைவிடச் சிறியது. கேட்டு வாங்குங்கள். பை நிறைய ஸ்கேன் ஃபிலிம் கொண்டுவருபவர்கள் இதை மட்டும் விட்டுவிட்டு வருவார்கள்! இந்த வகையைக் காட்டிக்கொடுக்கும் சாயங்களான சினாப்டோஃபைசின், குரோமோகிரானின், சி.டி.56 ஸ்டெயின்களைப் போட்டுப் பார்த்தால் அந்தச் சின்னச் செல்கள் பழுப்பு நிறம் ஏறி நிற்கும். சந்தேகம் தீராவிட்டால் கல்லீரல் கட்டியிலிருந்தும் பயாப்சி எடுக்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் கிளீசன் ஸ்கோரே இல்லையே?

கிளீசன் என்பது வழக்கமான வகைச் செல்கள் எவ்வளவு மோசம் என்று பார்த்துப் போடும் மதிப்பெண். ஸ்மால் செல்லுக்கு அது போடுவதில்லை. வழக்கமான வகையும் கலந்திருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் போடுவார்கள்.

ஆறு வருஷமாக ஹார்மோன் ஊசி நன்றாக வேலை செய்தது. இப்போது திடீரென்று கீமோ என்கிறார்கள். வேறு ஊசி போதாதா?

போதாது. ஆண் ஹார்மோனை ஊசியால் அடக்கி வைத்திருக்கும்போதே சில செல்கள் அது இல்லாமலே பிழைக்கப் பழகி, ஸ்மால் செல் வகையாக மாறிவிடுகின்றன. கட்டி வளராமல் தடுக்கும் ஆர்.பி.1, டி.பி.53 மரபணுக்கள் பழுதாகியிருப்பது இதில் அடிக்கடி தெரியும். நுரையீரல் ஸ்மால் செல்லுக்குக் கொடுக்கும் அதே கீமோ மருந்துக் கூட்டுதான் இதற்கும்: சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டின், கூடவே எட்டோபோசைடு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, 4 முதல் 6 சுற்று. சிறுநீர்க் குழாய் அடைபட்டுக் கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்) ஏறியிருந்தால் முதலில் அடைப்பை எடுத்துவிடுவோம். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். பழைய வகையும் கலந்திருந்தால் ஊசியையும் நிறுத்த மாட்டோம்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: கட்டி சீக்கிரம் சுருங்கும், ஆனால் பலருக்குத் திரும்பி வரும்.

பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனில் ஒன்றும் ஒளிரவில்லை. நிம்மதியாக இருக்கலாமா?

ஸ்மால் செல் என்றால் அதை நம்ப முடியாது, அந்த ஸ்கேன் தேடும் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதம் இந்தச் செல்களில் பெரும்பாலும் குறைவு. சர்க்கரையை அதிகம் இழுக்கும் செல்களைக் காட்டும் எஃப்.டி.ஜி. பெட் எடுக்கலாமா என்று கேளுங்கள். அதற்குத் தேதி கிடைக்கவில்லை என்று கீமோவைத் தள்ளிப்போடாதீர்கள், கான்ட்ராஸ்ட் சி.டி.யை வைத்தே தொடங்கலாம்.