குதிரைத்திறனைப் பார்க்காதீர்கள், பையைப் பாருங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இரட்டை வீட்டில் குடியிருக்கிறோம். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், பின்பக்கம் 3 மீட்டருக்கு 3 மீட்டரில் ஒரு வெண்டி ஹவுஸ் (பலகைக் கொட்டகை) போட்டுத் தச்சு வேலை செய்து வருகிறேன். காவடிச் சட்டம், சாமி அலமாரி, பேரப்பிள்ளைகளுக்கு மேசை நாற்காலி, இப்படி. டேபிள் சா (மேசை வாள்), திக்னஸர் (பலகையை ஒரே கனத்துக்கு இழைப்பது), கை சாண்டர் (உரசித் தேய்ப்பது) மூன்றும் இருக்கின்றன. மரத்தூள் சமையலறை வரைக்கும் வருகிறது என்று வீட்டுக்காரி தினமும் சத்தம் போடுகிறாள். 2 குதிரைத்திறனில் ஒரு சிப் கலெக்டரும் (சீவலையும் தூளையும் உறிஞ்சிப் பையில் சேர்க்கும் இயந்திரம்) 3 குதிரைத்திறனில் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். பெரியதையே வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. 3 குதிரைத்திறன் உங்கள் பட்டறைக்கு அதிகம். உங்கள் வயரிங்குக்கு அதைவிட அதிகம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சமையலறைக்கு வரும் தூள் உங்கள் வீட்டம்மாவுக்குத்தான் தொல்லை. துடைப்பம் எடுத்தால் போய்விடும். உங்களுக்குக் கேடு செய்வது கண்ணுக்கே தெரியாத தூள். 10 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே உள்ளது மணிக்கணக்கில் காற்றிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், மூச்சோடு உள்ளே போகும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சேர்த்தது 1995இல். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள் வேலை செய்பவருக்கும் ஆலையில் முப்பது வருடம் நின்றவருக்கும் ஆபத்து ஒன்றல்ல. ஆனால் காசு செலவழிக்கப் போகிறீர்கள் என்றால் எந்தத் தூளைப் பிடிக்கச் செலவழிக்கிறீர்கள் என்று தெரிய வேண்டாமா?

இதில்தான் கடைக்காரர் வாயைத் திறக்க மாட்டார். மலிவான சிப் கலெக்டரோடு வரும் துணிப்பை பெரும்பாலும் 30 மைக்ரான் அளவுதான் வடிக்கும். சீவல், பெருந்தூள் எல்லாம் அடிப்பையில் அழகாக விழும். நுண்தூள் மேல்பையின் துணி வழியே புகையாக வெளியே வந்து, அறை முழுக்கப் பரவும். வேலை முடிந்து விளக்கை அணைத்துவிட்டு டார்ச் லைட் அடித்துப் பாருங்கள். ஒளிக்கற்றையில் மிதப்பதெல்லாம் இயந்திரம் 'பிடித்தது'தான். பெரிய மோட்டார் போட்டால் அதே தூளை இன்னும் வேகமாக ஊதும், அவ்வளவுதான். ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தப் பை எத்தனை மைக்ரான்? தெரியாது என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். 1 மைக்ரான் பையோ, மடிப்பு மடிப்பாக இருக்கும் கார்ட்ரிஜ் வடிகட்டியோ தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். 3 குதிரைத்திறனுக்குக் கொடுக்க இருந்த கூடுதல் பணத்தை அதற்குக் கொடுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, டர்பனில் இருப்பவர்களுக்கு அதுவே நல்ல வழி. வீடியோக்களில் வடிகட்டிக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். ஹீட்டர் போட்டுச் சூடாக்கிய காற்றை வெளியே விட மனமில்லாமல், வடிகட்டித் திரும்ப உள்ளேயே விடுகிறார்கள். நமக்கென்ன? பிப்ரவரி மாதத்து டர்பன் காற்றை உள்ளே வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம்! வெண்டி ஹவுஸின் பலகைச் சுவரில் ஒரு வட்டத் துளை போட்டு, இயந்திரத்தை வெளியே ஒரு சிறு சார்ப்புக் கூரையின் கீழ் வைத்துவிடுங்கள். சத்தமும் வெளியே போய்விடும். நான்கு எச்சரிக்கைகள் மட்டும். அரை மதில் தாண்டி அடுத்த வீட்டுத் துணிக்கொடி இருந்தால் வெளியே வைத்தாலும் நல்ல பைதான் போட வேண்டும். இல்லையென்றால் சண்டை உங்கள் வீட்டுக்குள்ளிருந்து மதில்மேல் ஏறும். வெளியே போகிற காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர ஒரு ஜன்னலையாவது திறந்து வையுங்கள், மூடிய அறையில் விசிறி திணறும். மோட்டாரில் மழை படக் கூடாது. கடற்காற்று ஈரத்தில் பைக்குள் தூள் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும், அதனால் பாதி நிறைந்ததுமே கொட்டிவிடுங்கள்.

பெட்டியில் 'மணிக்கு இத்தனை கன மீட்டர்' என்று போட்டிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஹோஸ் மாட்டாமல், பை புதிதாக இருக்கும்போது அளந்த கணக்கு அது. 100 மில்லிமீட்டர் குழாயில் சீவல் தேங்காமல் போக, காற்று நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். அப்படியென்றால் மணிக்கு சுமார் 565 கன மீட்டர். இதை 2 குதிரைத்திறன் இயந்திரம் கொடுக்கும், நீங்கள் கெடுக்காமல் இருந்தால். கெடுப்பது எது? நெளிவுள்ள பிளாஸ்டிக் ஹோஸ். உள்ளே இருக்கும் வரிகளில் காற்று உரசி வேகம் போய்விடும். இரண்டு மீட்டருக்குமேல் அதை இழுக்காதீர்கள். தூரம் வேண்டுமானால் வழவழப்பான 110 மில்லிமீட்டர் வடிகால் குழாய் போடலாம். வளைவில் 90 பாகை முழங்கை ஒன்றுக்குப் பதில் 45 பாகையில் இரண்டு. ஆனால் 9 சதுர மீட்டர் அறைக்குக் குழாய்ப் பாதையே வேண்டியதில்லை. ஒரே ஹோஸை எந்த இயந்திரம் ஓடுகிறதோ அதில் மாட்டி மாட்டி எடுங்கள். திக்னஸரை ஓட்டும்போது டேபிள் சாவும் ஓடப் போகிறதா என்ன?

கை சாண்டரை இதில் மாட்டாதீர்கள். அதன் வாய் சிறியது. சிப் கலெக்டரிடம் காற்று நிறைய, இழுவிசை குறைவு. சிறிய வாய்க்கு வாக்குவம் கிளீனர் வகைதான் சரி. நுண்தூளைக் கொட்டுவதில் சாண்டரை மிஞ்ச எதுவும் இல்லை, ஆகவே இந்த இடத்தில் மட்டும் தாராளமாகச் செலவழிக்கச் சொல்வேன்: எம் கிளாஸ் என்று சான்று பெற்ற வாக்குவம், தூளில் 99.9 சதவீதம் பிடிக்கும். எல் கிளாஸ் 99 தான். வித்தியாசம் சின்னதாகத் தெரியும். தப்பித்து வெளியே வருவதைக் கணக்குப் போட்டால் பத்து மடங்கு. நடுவில் மூடி போட்ட 20 லிட்டர் பெயிண்ட் டிரம்மில் காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் ஒரு சிறு சைக்ளோன் மாட்டினால் பெருந்தூள் அதிலேயே இறங்கிவிடும், வாக்குவம் பை நாள்பட வரும்.

கடைசியாக மின்சாரம். 2 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போதே 8 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், கிளம்பும்போது பல மடங்கு. டேபிள் சாவும் ஏறக்குறைய அதே. சமையலறை பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து இரண்டையும் ஓட்டினால் பிரேக்கர் விழுந்துகொண்டே இருக்கும். சுருட்டி வைத்த வயர் சூடேறி உருகவும் செய்யும். டிபி போர்டிலிருந்து (வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டி) தனி லைன் ஒன்றை, பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டு, வயரிங் சரி என்று அவர் தரும் சிஓசி சான்றிதழை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு வீட்டை விற்கும்போது வக்கீல் எப்படியும் அதைக் கேட்பார்.

கேள்வி: ஆன்லைனில் ஒரு வாக்குவம் வாங்கினேன். இரண்டாவது மாதமே சுவிட்ச் வேலை செய்யவில்லை. 'ரிப்பேர் மட்டும்தான், பணம் திருப்பித் தருவதில்லை, ரசீதிலேயே போட்டிருக்கிறது' என்கிறார்கள். உண்மையா? (பீனிக்ஸிலிருந்து ஒரு வாசகி)

பதில்: ரசீதில் என்ன வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் அம்மா, சட்டம் அதற்கு மேலே நிற்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவு: பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால் ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள், கடைக்காரர் அல்ல. திருப்பி அனுப்பும் செலவும் அவர்களுடையது. ரிப்பேருக்கு ஒத்துக்கொண்டு, 3 மாதத்துக்குள் அதே கோளாறு மறுபடி வந்தால் அவர்கள் மாற்றித் தரவோ பணத்தைத் தரவோ வேண்டும். இவ்வளவும் நீங்கள் தவறாகக் கையாளாத வரைக்கும். வீட்டு வாக்குவத்தால் ஈரச் சிமெண்டை உறிஞ்சிவிட்டுப் போய் நின்றால் எதுவும் நடக்காது.

போனில் பேசிக்கொண்டிருக்காதீர்கள். எது வேண்டும் என்பதை ஈமெயிலில் எழுதி, பிரிவு எண்ணையும் குறிப்பிடுங்கள். அசையவில்லையென்றால் கன்ஸ்யூமர் கூட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஆம்பட் அலுவலகத்துக்குப் புகார் அனுப்பலாம், கட்டணம் இல்லை. குறை எதுவும் இல்லாமல் மனம் மாறியவர்களுக்கும் ஒரு வழி உண்டு: ஆன்லைனில் வாங்கிய பொருளைக் கைக்கு வந்த 7 நாளுக்குள் திருப்பலாம். அப்போது அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது.

கேள்வி: தொங்காட்டில் மூடப்போகும் ஒரு அலமாரிப் பட்டறையில் பெரிய உறிஞ்சி மலிவாகத் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: தம்பி, முதலில் மோட்டார் தகட்டைப் படியுங்கள். 400 வோல்ட், திரீ ஃபேஸ் என்று இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். உங்கள் வீட்டில் 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ்தான் இருக்கும். ஒத்துவந்தால் பத்து நிமிடம் ஓட விடுங்கள், பேரிங் கத்துகிறதா, மோட்டார் கிளம்ப முனகுகிறதா என்று கேளுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு விசிறியைக் கையால் ஆட்டிப் பார்க்கவும் வேண்டும். பட்டறையே வியாபாரமாக விற்றால் மேலே சொன்ன சட்டம் பெரும்பாலும் உங்கள் பக்கம். யாரோ ஒருவர் தன் கராஜிலிருந்து 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்று விற்றால், இருக்கிற நிலையில் வாங்கியதாகத்தான் கணக்கு.

கேள்வி: மச்சான் பழைய டெக் மரத்தளத்தைப் பிரித்துப் பலகைகளைச் சும்மா தருகிறார். லேசாகப் பச்சை நிறம். இழைத்தால் நல்ல பைன் கிடைக்குமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: அந்தப் பச்சை கரையான் மருந்து. தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்தது. இழைத்தாலும் உரசினாலும் அது தூளில்தான் வரும். வேலிக்கோ கோழிக்கூண்டுச் சட்டத்துக்கோ அறுத்து மட்டும் பயன்படுத்துங்கள், எஃப்எஃப்பி2 மாஸ்க் போட்டு, வெளியில் வைத்து. தாடி இருந்தால் மாஸ்க் ஒட்டி உட்காராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். துண்டுகளை இறைச்சி சுடும் பிராய் அடுப்பில் போடவே கூடாது. தூளைக் கருவேப்பிலைச் செடிக்கும் போடாதீர்கள். மரமும் மரமும் ஒன்றல்ல. கியாட் தூள் மூக்கைக் கிளறும், ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. தம்போட்டி தூள் கண்ணில் பட்டால் பெரிய அவஸ்தை, அதற்குக் கண்ணாடியும் வேண்டும்.

கேள்வி: லெனேசியாவில் குளிர்காலம் வந்தால் பிளாஸ்டிக் குழாயைத் தொட்டாலே ஷாக் அடிக்கிறது. தூள் வெடித்துவிடும் என்கிறாரே நண்பர்?

பதில்: உங்கள் ஹைவெல்ட் மேட்டுநிலத்துக் குளிர் வறண்டது, அதனால் நிலைமின்சாரம் சேருகிறது. வெறும் தாமிரக் கம்பியைக் குழாயின் மேல் சுற்றி எர்த்தில் இணைத்தால் அந்தச் சுரீர் குறையும். வெடிப்பு என்பது ஆலை அளவுக் கவலை. வீட்டுப் பட்டறையில் பயப்பட வேண்டியது புகைந்து பிடிக்கும் தீக்கு. ஆணியில் சா பட்டுத் தெறித்த பொறி பைக்குள் போய்ப் புகைந்துகொண்டே இருந்து ராத்திரி பற்றும். இரும்பு அரைக்கும் கிரைண்டரை இந்தக் குழாயில் இணைக்கவே கூடாது. ஆணி வெட்டுப்பட்ட நாளில் பையைக் கொட்டாமல் தூங்கப் போகாதீர்கள். லின்சீட் எண்ணெய் துடைத்த துணியையும் சுருட்டி மூலையில் போட வேண்டாம். தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்து வெளியே கொடியில் காயப்போட்டு, விறைத்த பிறகு குப்பையில் போடுங்கள்.