பாத்திரம் பிறக்கவே பாதி நாளா?

வாசகர் கேள்வி – பதில்

ஆளுக்கொரு கதாபாத்திரமாக மேசையைச் சுற்றி அமர்ந்து, கேம் மாஸ்டர் கதையை நகர்த்த, ஐயமான இடங்களில் பகடை முடிவு சொல்லும் டேபிள்டாப் ரோல்-பிளேயிங் விளையாட்டுகள் குறித்துப் பெங்களூரு வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பல, பாத்திரத்தை உருவாக்குவதற்கே நேரமெல்லாம் போய்விடுகிறது என்ற குறையைச் சொல்கின்றன. ஆகவே இந்த முறை அந்த ஒன்றைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில்.

நாங்கள் ஆறு பேர், அலுவலக நண்பர்கள். ஒயிட்ஃபீல்டில் ஒருவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ (டி அண்ட் டி) தொடங்கினோம். நான் கேம் மாஸ்டர். 2024 பதிப்பின் விதிநூலை வைத்துக்கொண்டு காலை பதினொரு மணிக்குப் பாத்திரங்களை உருவாக்க உட்கார்ந்தோம். மாலைக் காபி வந்தபோதும் முடியவில்லை. எலக்ட்ரானிக் சிட்டிக்குத் திரும்ப வேண்டிய இருவர் விளையாடாமலேயே கிளம்பிவிட்டார்கள். இதை எப்படிச் சுருக்குவது?
— வாசகர், இந்திரா நகர்

நேரம் எதில் போயிற்று என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். பகடை உருட்டுவதற்கும் கூட்டிக் கழிப்பதற்கும் ஆகும் நேரம் சொற்பம். தேர்ந்தெடுப்பதுதான் நேரத்தைத் தின்கிறது. அதிலும், தான் தேர்ந்தெடுப்பது ஆட்டத்தில் எப்படிப் பயன்படும் என்று இன்னும் அறியாத ஒருவர் தேர்ந்தெடுக்கும்போது அதற்கு முடிவே கிடையாது. நீங்கள் சொல்லும் நூலில் 12 கிளாஸ்கள் (பாத்திரத்தின் தொழில் வகைகள்), 16 பின்னணிகள், 10 இனங்கள் இருக்கின்றன. இவை மூன்றை மட்டும் பெருக்கினாலே 1,920 சேர்க்கைகள் வருகின்றன. அதற்குப் பிறகு விஸார்டாக, அதாவது மந்திரவாதியாக, விரும்புபவர் தொடக்க நிலையான முதல் லெவலிலேயே மூன்று கேன்ட்ரிப்களையும் (எத்தனை முறையும் போடக்கூடிய சிறு மந்திரங்கள்), தன் மந்திர ஏட்டில் எழுதிக்கொள்ள ஆறு மந்திரங்களையும், அவற்றிலிருந்து அன்றைக்குத் தயாராக வைத்திருக்க நான்கையும் பொறுக்க வேண்டும். போர்வீரரான ஃபைட்டர் எளிது என்பார்கள். அவரும் ஒரு சண்டைப் பாணியையும், தேர்ச்சி பெற்ற மூன்று ஆயுதங்களையும் சொல்லியாக வேண்டும். மேசையில் விதிநூல் ஒன்றே ஒன்று இருந்திருந்தால், ஒருவர் புரட்ட மற்ற ஐவர் காத்திருந்திருப்பார்கள்.

சிக்பேட்டைச் சேலைக் கடையில் அனுபவமுள்ள விற்பனையாளர் கடையையே விரித்துக் காட்டுவதில்லை. என்ன விசேஷம், என்ன விலைக்குள் என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு ஆறு சேலைகளை எடுத்துப் போடுவார். கேம் மாஸ்டர் செய்ய வேண்டிய வேலையும் அதுதான். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: ஆபத்து வந்தால் முன்னால் போய் நிற்பீர்களா, மறைந்திருந்து தாக்குவீர்களா, மந்திரம் செய்வீர்களா, அடிபட்டவரைத் தூக்கிவிடுவீர்களா? இந்த நான்கு பதில்களுக்கும் முறையே ஃபைட்டர், ரோக், விஸார்ட், க்ளெரிக் பொருந்தும். புதியவர்களுக்கு முதல் நாளில் இந்த நான்குக்கு மேல் காட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து. டிராகன் வம்சத்துப் பாட்டுக்காரராகத்தான் வருவேன் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் மறுக்காதீர்கள். அப்படிக் கேட்பவருக்குத் தான் விரும்புவது என்னவென்று ஏற்கெனவே தெரிந்திருக்கிறது, அவரால் தாமதம் வராது.

பிறகு கிளாஸுக்கு ஒரு தாள் தயார் செய்யுங்கள். வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் உருவாக்கி 2010இல் வெளிவந்த ‘அப்பொகாலிப்ஸ் வேர்ல்ட்’ இந்த வழியைப் பரவலாக்கியது. பாத்திர வகை ஒவ்வொன்றுக்கும் தனித் தாள். தேர்வுகள் எல்லாம் அதிலேயே அச்சாகியிருக்கும். ஆட்டக்காரர் பெயரை எழுதி, கட்டங்களில் குறியிட்டால் போதும். விதிநூலைப் புரட்டும் வேலை இல்லாததால் அனைவரும் ஒரே நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். டி அண்ட் டிக்கும் இதே போன்ற தாளை நாமே செய்துகொள்ளலாம். 2024 நூலிலேயே, வலிமை, அறிவு போன்ற திறன்களுக்கான எண்களில் எந்தக் கிளாஸுக்கு எதை எங்கே வைப்பது என்று சொல்லும் பட்டியலும், தொடக்கத்துக்கு ஏற்ற மந்திரங்களின் பரிந்துரையும், ஆயத்தமான உபகரணத் தொகுப்பும் உள்ளன. அவற்றை அப்படியே தாளில் நிரப்பிவிட்டு, பெயர், இனம், பின்னணி ஆகிய மூன்றை மட்டும் ஆட்டக்காரரிடம் விடுங்கள். தன் பாத்திரம் தன்னுடையது என்ற உணர்வுக்கு அந்த மூன்று போதும். கேன்ட்ரிப் எதுவென்று வேறொருவர் தீர்மானித்ததற்காகப் புதியவர் யாரும் வருந்தியதை நான் பார்த்ததில்லை.

இதைவிட முக்கியமான உபாயம், முடிவுகளை ஒத்திப் போடுவது. 2013இல் வந்த ‘ஃபேட் கோர்’ இதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது; பாத்திரத்தின் மையக் கருத்தையும் ஓரிரு விவரங்களையும் மட்டும் எழுதிக்கொண்டு ஆடத் தொடங்கி, மற்றவற்றைப் போகப் போக நிரப்பலாம். ஜான் ஹார்ப்பரின் ‘பிளேட்ஸ் இன் த டார்க்’ (2017) உபகரணப் பட்டியலையே பின்னுக்குத் தள்ளிவிட்டது. திருடர் கூட்டமாக ஆடும் அதில், திருட்டுக்குக் கிளம்பும்போது குறைந்த சுமையா, நடுத்தரமா, அதிகமா என்று மட்டும் சொன்னால் போதும். மதில் குறுக்கே வரும்போது “என்னிடம் கயிறு இருக்கிறது” என்று சொல்லி, அப்போது அந்தக் கட்டத்தில் குறியிடலாம். உங்கள் மேசையிலும் மொழிகள், கருவித் தேர்ச்சி, இரண்டு திறமைகள் ஆகியவற்றைக் காலியாக விடுங்கள். காட்டில் தடம் பார்க்க வேண்டிய நேரத்தில் “எனக்கு இது தெரியும்” என்று ஒருவர் முதன்முறை சொல்லும்போது, அவருடைய கிளாஸோ பின்னணியோ அனுமதிக்குமானால் எழுதிக்கொள்ளட்டும். சில வகைகளில் டி அண்ட் டியை வடிவமைத்தவர்களே இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறார்கள்: 2014 பதிப்பில் க்ளெரிக், சோர்சரர், வார்லாக் ஆகியோர் முதல் லெவலிலேயே தங்கள் கிளாஸின் உட்பிரிவைச் சொல்ல வேண்டியிருந்தது; 2024இல் எல்லாக் கிளாஸ்களுக்கும் அது மூன்றாம் லெவலுக்குப் போய்விட்டது.

ஒன்றை மட்டும் சுருக்காதீர்கள். இந்த ஆறு பேரும் ஏன் சேர்ந்து பயணம் போகிறார்கள், யாருக்கு யார் கடன்பட்டவர், யார் யாரை நம்புவதில்லை என்ற பேச்சுக்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அதை விட்டுவிட்டால், மிச்சம் பிடித்த நேரமெல்லாம் முதல் காட்சியில் ஒருவரை ஒருவர் சந்தேகித்துக்கொண்டு விடுதியில் உட்கார்ந்திருப்பதில் போய்விடும்.

திறன் எண்களைப் பகடை உருட்டித்தான் எடுக்க வேண்டும், எழுதி வைத்த எண்களை எடுத்துக்கொள்வது ஏமாற்று வேலை என்று எங்கள் குழுவில் ஒருவர் வாதிடுகிறார். எது சரி?
— கல்லூரி மாணவி, ஜெயநகர்

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் டி அண்ட் டியில் மூன்று பகடைகளை உருட்டி, வந்த எண்ணை வந்த வரிசையிலேயே எழுதிக்கொள்வார்கள். தேர்வு எதுவும் இல்லாததால் அது மிக விரைவான முறை. அன்று இருந்த கிளாஸ்களும் மூன்றுதான். நான்கு பகடைகளை உருட்டிச் சிறியதை நீக்கிவிட்டு, கிடைத்த ஆறு எண்களை விருப்பப்படி அடுக்கும் இன்றைய பழக்கத்தில்தான் யோசனைக்கு நேரம் பிடிக்கிறது.

உங்கள் நண்பர் கணக்கைப் பார்த்தால் சமாதானமாகக்கூடும். நூலில் கொடுத்திருக்கும் நிலையான எண்கள் 15, 14, 13, 12, 10, 8, கூட்டினால் 72. நான்கு பகடை முறையில் ஆறு எண்களின் கூட்டுத்தொகை சராசரியாக 73.5க்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் ஒன்றரைதான். 27 புள்ளிகளைச் செலவிட்டு எண்களை வாங்கும் இன்னொரு முறையும் உண்டு. அதில் இதே ஆறு எண்களை வாங்கிப் பாருங்கள், சரியாக 27 புள்ளிகள் தீரும். ஆகவே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பகடையின் பரபரப்பு வேண்டுமென்றால் பழைய முறைப்படி வரிசையாக உருட்டி, வந்த எண்களுக்கு ஏற்ற கிளாஸை எடுக்கச் சொல்லுங்கள். வேகம், பரபரப்பு இரண்டும் கிடைக்கும். ஆனால் விஸார்டாகக் கனவு கண்டு வந்தவர் கோடரியைத் தூக்க நேரலாம், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எங்கள் ஆட்டக்காரர் ஒருவர் தன் பாத்திரத்தின் முன்கதையை எட்டுப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வருகிறார். அதை அவர் வாசித்து முடிக்க மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?
— வாசகர், ஃபிரேசர் டவுன்

எழுதுவதைத் தடுக்காதீர்கள்; மேசையில் வாசிப்பதை மட்டும் நிறுத்துங்கள். எட்டுப் பக்கத்தை உங்களுக்கு முன்னதாக அனுப்பச் சொல்லி, அதிலிருந்து ஒரு பகைவரையும் முடிக்காமல் விட்ட ஒரு வேலையையும் எடுத்துக் கதையில் சேர்த்துவிடுங்கள். தான் எழுதியது பயன்பட்டதைப் பார்ப்பவர் வாசித்துக்காட்ட வேண்டுமென்று கேட்கமாட்டார். மேசையில் எல்லோருக்கும் ஒரே விதி: பெயர், பார்த்தவுடன் கண்ணில் படும் ஓர் அடையாளம், இப்போது வேண்டுவது என்ன — மூன்று வாக்கியங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் லெவல் பாத்திரம் ஒரு பலமான அடியில் சாயக்கூடியது. எட்டுப் பக்கம் எழுதியவர் அந்தச் சாவைத் தாங்கமாட்டார், நீங்களும் அதற்கு அஞ்சிப் பகடையை மறைத்து உருட்டத் தொடங்குவீர்கள்.

பாத்திரத்தை உருவாக்குவதுதான் எனக்கு ஆட்டத்திலேயே பிடித்த பகுதி. எல்லோரும் அதை ஏன் தொல்லையாகப் பார்க்கிறார்கள்?
— வாசகி, அல்சூர்

உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மார்க் மில்லரின் ‘டிராவலர்’ (1977) விளையாட்டில் பாத்திரத்தை உருவாக்குவதே ஓர் ஆட்டம். நான்கு நான்கு ஆண்டுகளாகப் பணிக்காலத்தைக் கடந்து, ஒவ்வொரு கட்டத்திலும் பகடை உருட்டி, பதவியும் திறமையும் பெற்று, வயதாகி வெளியே வருகிறோம். அதன் முதல் பதிப்பில், விளையாடத் தொடங்குவதற்கு முன்பே, உருவாக்கத்தின் நடுவில் பாத்திரம் இறந்துபோகவும் கூடும். அங்கே சுருக்குவதற்கு ஒன்றுமில்லை. அனைவரும் சேர்ந்து உருட்டிச் சிரித்துக்கொண்டே செய்ய வேண்டியது அது. மாறாக, ‘கர்ப்ஸ்’ போன்று புள்ளிகளைக் கணக்குப் பார்த்துச் செலவிடும் விளையாட்டு தனிமையில் அனுபவிக்க வேண்டியது. உங்களைப் போன்றவர் அதை மெட்ரோவில் போகும்போதோ வீட்டிலோ நிதானமாகச் செய்யலாம். ஐந்து பேரைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு செய்வதில்தான் தொல்லை. விருப்பமிருந்தால், வர இயலாதவர்களுக்கும் புதியவர்களுக்கும் நீங்களே ஆயத்தப் பாத்திரங்களைச் செய்துகொடுங்கள். எந்தக் குழுவும் உங்களைக் கையெடுத்துக் கும்பிடும்.

தருமபுரியிலிருந்து என் தந்தை எங்களுடன் தங்க வந்திருக்கிறார். பேரன் விளையாடுவதைப் பார்த்துத் தானும் ஆட விரும்புகிறார். ஆங்கில விதிநூலை அவரால் படிக்க இயலாது. என்ன செய்யலாம்?
— வாசகி, எச்.ஏ.எல். பகுதி

தாளைத் தமிழில் எழுதிக்கொடுங்கள். டி அண்ட் டியின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1ஐ அதன் வெளியீட்டாளர்களான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு அதை மொழிபெயர்க்கவும் பகிரவும் எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் தந்தைக்கு அத்தனையும் தேவைப்படாது. வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்ற ஆறையும் அவற்றின் எண்களையும், அவர் செய்யக்கூடிய நான்கு செயல்களையும் பெரிய எழுத்தில் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பிறகு அவரிடம் விதிகளைச் சொல்லாமல் ஆளைப் பற்றிக் கேளுங்கள்: எந்த ஊர்க்காரர், என்ன தொழில், எதற்காக ஊரை விட்டுக் கிளம்பினார்? அவர் கதை சொல்லச் சொல்லப் பேரன் அருகிலிருந்து எண்களை நிரப்பட்டும். “பத்தாண்டு ஏரிக்காவல் பார்த்தவன்” என்று அவர் சொன்னால், காடுமேடு அறிந்த காவலரான ரேஞ்சர் கிளாஸில் எழுதிவிட்டு ஆடத் தொடங்கிவிடலாம். ஒருவேளை டி அண்ட் டியே அதிகம் என்று தோன்றினால், ஜான் ஹார்ப்பரின் ‘லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்’ என்ற ஒரு பக்க விளையாட்டு உண்டு. அதில் பாத்திரத்துக்கு இருப்பது 2 முதல் 5 வரை ஒரே ஓர் எண்.

செயலிகளைப் பயன்படுத்தலாமா?
— வாசகர், கோரமங்களா

பயன்படுத்தலாம். கூட்டல் பிழை வராது, கிளாஸுக்குப் பொருந்தாத தேர்வைக் காட்டாது. ஆனால் செயலி கணக்கைத்தான் விரைவாக்கும், தயக்கத்தை அல்ல. நீளமான பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டே போகும் வசதி தயக்கத்தைக் கூட்டவும் செய்யும். மேலே சொன்ன அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுச் செயலியைத் திறங்கள்.

ஆட்டத்தின் நடுவில் பாத்திரம் இறந்துவிட்டால், புதியது உருவாக்கும் வரை அவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. வழி உண்டா?
— வாசகர், மல்லேஸ்வரம்

உண்டு, சாவு வருமுன்பே மாற்றாளைக் கதைக்குள் வைத்திருங்கள். தீவட்டி பிடிக்கும் கூலியாள், வழிகாட்டி, காப்பாற்றப்பட்ட கைதி என்று யாராவது உடன் வந்துகொண்டிருந்தால், பாத்திரத்தை இழந்தவர் அடுத்த நிமிடமே அவராகப் பேசத் தொடங்கலாம். முழு விவரங்களை அந்த வாரத்தில் எழுதிக்கொள்ளலாம். 2012இல் வந்த ‘டன்ஜன் க்ரால் கிளாசிக்ஸ்’ இதையே முறையாக்கியிருக்கிறது: ஒவ்வொருவரும் பகடையால் அமைந்த சாதாரணக் கிராமத்தார் சிலரை ஒரே நேரத்தில் ஆடுவார்கள், பிழைத்து வருபவரே பாத்திரமாவார். சாவு அடிக்கடி நேரும் கதையென்றால் கிறிஸ் மெக்டோவாலின் ‘இன்டு த ஆட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று திறன்கள், உயிர்ப்புள்ளி, அந்த எண்களைக் கொண்டு ஒரே அட்டவணையில் பார்த்து எடுக்கும் உபகரணம், அவ்வளவுதான்; அடுத்தவர் தன் முறையை முடிப்பதற்குள் புதியவர் தயாராகிவிடுவார்.