வண்டி நின்ற பிறகுதான் கவனம் அதிகம் வேண்டும்

கேள்வி: என் கணவர் ஆறு மாதமாகப் பார்சல் வேன் ஓட்டுகிறார். ஒரு நாளைக்கு நூறு இடங்களிலாவது நிறுத்தி இறங்க வேண்டியிருக்கிறது. போன மாதம் வேனிலிருந்து இறங்கும்போது கணுக்கால் பிசகி நான்கு நாள் வீட்டில் இருந்தார். மறுபடி வேலைக்குப் போனதும் ரிவர்ஸ் எடுக்கையில் ஒரு வீட்டு கேட்டில் இடித்துவிட்டார். "பார்த்து, மெதுவா ஓட்டுங்க" என்று தினமும் சொல்லித்தான் அனுப்புகிறேன். "நான் என்ன வேகமாவா ஓட்டினேன்?" என்று எரிந்து விழுகிறார். வேறு எப்படித்தான் சொல்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. கணுக்கால் பிசகியபோது வண்டி நின்றுகொண்டிருந்தது. கேட்டில் இடித்தபோது நடக்கிற வேகத்தில்தான் நகர்ந்திருக்கும். நூறு இடங்களில் நிறுத்துகிறார் என்றால் நூறு முறை இறங்குகிறார், தூக்குகிறார், நடக்கிறார், திரும்ப ஏறுகிறார். நூறில் ஒரு முறை அசந்தாலே தினம் ஒரு ஆபத்து. "மெதுவா ஓட்டுங்க" என்பதில் இது எதுவும் அடங்கவில்லை.

இறங்குவதிலிருந்து தொடங்குகிறேன். அவசரத்தில் பலரும் பார்சலை மார்போடு அணைத்துக்கொண்டு குதித்துவிடுகிறார்கள். கால் வைக்கிற இடத்தைப் பார்சல் மறைத்துவிடும். அங்கே குழி இருக்கிறதா, ஈரமா, நடைபாதை விளிம்பா என்று விழுந்த பிறகுதான் தெரியும். பார்சலை வேனின் தளத்திலேயே வைத்துவிட்டு, முகம் வண்டியைப் பார்க்க, இரண்டு கை ஒரு கால் அல்லது இரண்டு கால் ஒரு கை எப்போதும் வண்டியைப் பற்றியிருக்கும்படி இறங்க வேண்டும். தரையில் நின்ற பிறகு பார்சலை எடுக்கலாம். இதற்குச் சில நொடிகள்தான் கூடுதலாக ஆகும். ஒரு முறை பிசகிய கணுக்கால் மறுபடி பிசகும் வாய்ப்பு அதிகம் என்பதால், அவருக்கு இது இன்னும் முக்கியம். பிடிமானம் உள்ள, கயிறு கட்டுகிற ஷூ வேண்டும். செருப்போடு இந்த வேலை பார்ப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

கதவைத் திறக்கவும் ஒரு பழக்கம் இருக்கிறது. கதவை ஒட்டிய கையால் திறக்காமல் மறு கையால் திறந்தால் உடம்பு தானாகப் பின்பக்கம் திரும்பும். பின்னால் வருகிற சைக்கிள்காரர் கண்ணில் படுவார். நெதர்லாந்தில் பழகிப்போன முறை இது.

ரிவர்ஸ் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது: முடிந்தவரை எடுக்கவே கூடாது. குறுகலான சந்துக்குள் வண்டியை நுழைப்பதைவிட வெளியே நிறுத்திவிட்டு நடப்பது மேல். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், வந்து சேர்ந்தவுடன் ரிவர்ஸில் உள்ளே போய், கிளம்பும்போது நேராக வெளியே வர வேண்டும். வரும்போது சுற்றிலும் என்ன இருக்கிறது என்று அவர் அப்போதுதான் பார்த்திருப்பார். டெலிவரி கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் வண்டிக்குப் பின்னால் ஒரு குழந்தை வந்து உட்கார்ந்திருக்கலாம். கேமரா இருக்கிறதே என்பார். லென்ஸில் சேறோ மழைத்துளியோ பட்டால் அதுவும் குருடுதான். சந்தேகம் வந்தால் இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்கிற திருப்பங்களை இயன்றவரை தவிர்த்தே யூபிஎஸ் என்ற அமெரிக்கப் பார்சல் நிறுவனம் தன் வண்டிகளுக்கு வழி போடுகிறது. ஆபத்தான அசைவைக் குறைக்கிற அதே யோசனைதான் இங்கும்.

தூக்குவதற்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் கணக்கில் உச்சம் 23 கிலோ. அதுவும் பெட்டி உடம்பை ஒட்டி, இடுப்புயரத்தில், முறுக்காமல் தூக்கும்போது மட்டும். வேனுக்குள் குனிந்து, முதுகைத் திருப்பி, கைநீட்டி இழுப்பவருக்கு அதில் பாதியே வலி கொடுக்கும். கனமானவை தரைமட்டத்தில், டிரைவர் இருக்கைக்குப் பின்னால் உள்ள தடுப்பை ஒட்டி இருக்கட்டும். மேல்தட்டில் வைத்தால் திடீர் பிரேக்கில் அவரை நோக்கித்தான் வரும். உப்பியோ சூடாகவோ இருக்கிற, சீறல் கேட்கிற பேட்டரிப் பார்சலை ஏற்றவே வேண்டாம். விலகி நின்று மேலாளருக்குச் சொல்லட்டும்.

போனுக்கும் ஒரு கணக்கு உண்டு. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிறவர் இரண்டு நொடி திரையைப் பார்த்தால், கிட்டத்தட்ட 28 மீட்டர் தூரம் சாலையைப் பார்க்காமலே ஓட்டியிருப்பார். அடுத்த முகவரியை வண்டி கிளம்புவதற்கு முன்பே படித்துவிட வேண்டும். இதில் உங்கள் பங்கும் உண்டு: வேலை நேரத்தில் அழைக்காதீர்கள், செய்தி அனுப்புங்கள். நிறுத்திய பிறகு பார்த்துக்கொள்வார்.

நாய்கள் வேறு. 2023இல் அமெரிக்கத் தபால் ஊழியர்களை மட்டும் 5,800 முறைக்கு மேல் நாய்கள் தாக்கியிருக்கின்றன. கேட்டைத் தட்டிச் சத்தம் கொடுத்துச் சற்றுக் காத்திருந்து உள்ளே போகட்டும். நாய் பாய்ந்தால் ஓடக் கூடாது. பார்சலைக் குறுக்கே பிடித்து, முதுகைக் காட்டாமல் பின்வாங்க வேண்டும். பார்சல் போனால் போகட்டும்.

வெயில் நாட்களில் சரக்கு அறை வெளியைவிடச் சூடாக இருக்கும். 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்பது அங்கீகரிக்கப்பட்ட அளவு. பல டிரைவர்கள் வேண்டுமென்றே குடிக்காமல் இருக்கிறார்கள், வழியில் கழிப்பறை கிடையாது என்பதால். அவருக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மயக்கம், தலைவலி, எரிச்சல் எல்லாமே தண்ணீர்க் குறைவாகவும் இருக்கலாம். வழியில் கழிப்பறை எங்கெங்கே உண்டு என்று முன்கூட்டியே குறித்துக்கொள்வது அவருக்குப் பெரிய நிம்மதி தரும்.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி, பதில் சொல்ல வேண்டியவர் அவருடைய மேலாளர். எந்த நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்து, அதைக் காட்டியே நிறுத்தங்களைக் குறைக்கச் சொல்லிக் கேட்கட்டும். வாயால் சொல்வதைவிட எழுத்தில் கொடுப்பது நல்லது. நாய் இருக்கிற வீடு, உடைந்த படி, வெளிச்சமில்லாத மாடிப்படி எல்லாவற்றையும் முகவரிக் குறிப்பில் சேர்க்கட்டும். அவர் விடுப்பில் இருக்கும் நாளில் அந்த வழியில் போகிற புது டிரைவருக்கும் அது உதவும்.