பழைய டிராக்டரில், முன்னால் பக்கெட்டால் அள்ளித் தூக்கும் லோடர் மாட்டியிருக்கிறேன். பக்கெட் நிறைந்தால் பின்பக்கம் தூக்குகிறது. பின் டயரில் தண்ணீர் நிரப்பினால் போதுமா?

போதாது. போதும் என்று நம்பி இரண்டு வருடம் ஓட்டியவன் நான்.

உங்கள் வண்டி எது என்று நீங்கள் எழுதவில்லை. டூ வீல் டிரைவ், பவர் ஸ்டீயரிங் கிடையாது, லோடர் பிற்பாடு வாங்கி மாட்டியது என்று வைத்துக்கொள்கிறேன். என்னுடையதும் அதே வகையறாதான்.

லோடர் மாட்டிய புதிதில் ஈர எருவைப் பக்கெட் நிறைய அள்ளிக்கொண்டு ஒரு சரிவில் இறங்கினேன். நடந்து போகிறவன் கண்ணுக்குச் சரிவு என்றே தெரியாது, அவ்வளவு சின்னது. பாதியில் பிரேக்கை மிதித்தேன். பின் சக்கரம் இரண்டும் நின்றுவிட்டன, டிராக்டர் நிற்கவில்லை. புல்லில் அப்படியே வழுக்கிக்கொண்டு போகிறது. இந்தப் பழைய வண்டிகளுக்குப் பிரேக் பின் சக்கரத்தில் மட்டும்தானே. அந்தச் சக்கரம் தரையை அழுத்தாவிட்டால் பிரேக்கை மிதித்து என்ன, மிதிக்காமல் என்ன? திரும்பிப் பார்த்தால் இடது பின் டயருக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறது. பக்கெட்டைத் தரையில் போட்டேன், அது மண்ணைக் கீறிக்கொண்டு நின்றது. இறங்கி நின்றபோது முழங்கால் எனக்குச் சொந்தமாக இல்லை.

ஏற்றிய பக்கெட்டோடு சரிவில் ரிவர்ஸில்தான் இறங்க வேண்டும் என்று சொல்ல வருகிறவர்களுக்கு: தெரியும். இப்போது தெரியும்.

அதற்குப் பிறகுதான் டயரில் தண்ணீர் அடித்தேன். வால்வ் உச்சிக்கு வருகிற மாதிரி சக்கரத்தை நிறுத்தி, அந்த மட்டம் வரை நிரப்பினால் முக்கால் பங்கு ஆகும். மேலே மிச்சமிருக்கும் காற்றுதான் மெத்தை, அதையும் தண்ணீராக்கிவிடக் கூடாது. என்னுடையது 13.6-28 டயர், ஒன்றுக்கு ஏறக்குறைய 170 லிட்டர் பிடித்தது. ஆக மொத்தம் 340 கிலோ. டியூபைக் கழற்றியபோது ஒரு ரிம்மில் வால்வ் ஓட்டையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பூத்து, விரலால் தட்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது. எனக்கு முன்பு வைத்திருந்த புண்ணியவான் கால்சியம் குளோரைடு கரைசல் ஊற்றியிருக்கிறார். உறையும் குளிர் உள்ள இடத்தில் அதற்கு ஒரு நியாயம் உண்டு, தண்ணீரை விட எடையும் கூடுதல். ஆனால் டியூபில் ஊசி முனை ஓட்டை விழுந்தால் போதும், ரிம்மைத் தின்றுவிடும். உறையாத இடமென்றால் வெறும் தண்ணீரே போதும்.

பின்பக்கம் தூக்குவது குறைந்தது. பிரேக்கும் பிடித்தது. நானும் வெற்றி என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பக்கெட் நிறைந்தால் ஸ்டீயரிங் மட்டும் பழையபடி கல்லாகத்தான் இருந்தது. முன் சக்கரம் திரும்புகிற அச்சு, அதாவது கிங்பின், அதன் புஷ்ஷை இரண்டு தடவை மாற்றினேன். மூன்றாவதாக முன் சக்கர பேரிங் நொறுங்கியது. அதைப் பிரித்துப் போட்ட பெரியவர் கேட்டார்: "தம்பி, தராசுல நடுமுள்ளு மேலயே கல்லை வச்சா எந்தத் தட்டு எறங்கும்?"

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 2 மீட்டர் என்று வையுங்கள். பக்கெட்டில் 400 கிலோ, முன் ஆக்சிலுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் தொங்குகிறது. முன் ஆக்சிலில் ஏறுவது 400 அல்ல, 700. மிச்ச 300 பின் ஆக்சிலிலிருந்து பிடுங்கப்பட்டது. டயருக்குள் நிற்கிற தண்ணீர் பின் ஆக்சில் இழந்த எடையைத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். முன்னால் ஏறிய 700-ல் ஒரு கிலோ இறங்காது. பின் சக்கரத்தில் இரும்பு எடை (வீல் வெயிட்) மாட்டினாலும் இதே கதைதான். அதே நேரம் 500 கிலோவைப் பின் ஆக்சிலுக்கு 1 மீட்டர் பின்னால் தொங்கவிட்டால், பின்னால் 750 கிலோ கூடுகிறது, முன்னால் 250 குறைகிறது. பின் ஆக்சில்தான் தராசின் நடுமுள்; அந்தப் பெரியவர் ஒரே வரியில் சொன்னது இதைத்தான்.

ஆகவே 200 லிட்டர் டிரம் ஒன்றில் கான்கிரீட் கொட்டினேன். கான்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ, டிரம்மையும் சேர்த்தால் அரை டன் வந்துவிடும். டிராக்டரின் பின்னால் தூக்குகிற லிஃப்ட் கைகள் மாட்ட அடியில் குறுக்கே ஒரு கம்பி, கேட்டகரி 1 (சின்ன டிராக்டர்களின் இணைப்பு அளவு) என்றால் இரு முனையும் 22 மி.மீ. மேலே நடுவில் பிடிக்கிற தண்டான டாப் லிங்க்குக்கு 19 மி.மீ. ஓட்டையோடு இரண்டு பட்டை. குறுக்குக் கம்பியில் உள்ளே நாலு துண்டு முறுக்குக் கம்பியைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கான்கிரீட்டுக்குள் சுற்ற ஆரம்பித்துவிடும். இத்தனையும் யோசித்த நான், டாப் லிங்க் பட்டையைச் சுவர்ப் பக்கம் பார்க்க வைத்துக் கொட்டிவிட்டேன். இறுகியபின்தான் உறைத்தது, டிராக்டர் சுவருக்குள்ளிருந்தா ரிவர்ஸ் வரும்? கடப்பாரை, இரண்டு இரும்புக் குழாய், நான், மச்சான். ஒரு முழு மத்தியானம். மச்சான் இன்றைக்கும் விசேஷ வீடுகளில் இந்தக் கதையைச் சொல்கிறார்.

மாட்டிய முதல் நாளே ஸ்டீயரிங் ஒரு கையில் திரும்பியது.

"தண்ணீரே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நான் எடுக்கவில்லை, இரண்டும் இருக்கிறது. தண்ணீர் தாழ்வாக நிற்கிற எடை, பக்கவாட்டில் கவிழாமல் இருக்க உதவும். முன் ஆக்சில் நடுவில் ஒரு பின்னில்தான் ஆடுகிறது, ஒரு அளவுக்குச் சாயும் வரை வண்டியைப் பிடித்து நிறுத்துவது பின் சக்கரங்கள்தான். கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காக்கும் ரோல் பார் இல்லாத வண்டியில் இதோடு விளையாட வேண்டாம். பக்கெட்டையும் முழங்கால் உயரத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓட்டாதீர்கள். நான் இன்ஜினியர் இல்லை; உங்கள் லிஃப்ட் எவ்வளவு தூக்கும், பின் ஆக்சிலும் டயரும் எவ்வளவு தாங்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டு டிரம்மின் அளவை முடிவு செய்யுங்கள். லோடரைக் கழற்றினால் டிரம்மையும் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் முன் சக்கரம் ஆகாயத்தைப் பார்க்கும்.

கிங்பின்னுக்கு கிரீஸ், லோடர் வேலை செய்கிற ஒவ்வொரு நாளும். கிரீஸ் கன்னை யாருக்கும் இரவல் தராதீர்கள். என்னுடையதை ஒருவர் "அஞ்சே நிமிஷம்ணே" என்று வாங்கிப் போனார். நாலு மாதம் கழித்து வந்தது, ஹோஸ் கிழிந்து, முனையில் மண் அடைத்து. கேட்டதற்கு, "வாங்கும்போதே அப்படித்தானே இருந்துச்சு" என்றார். அவரும் இந்தத் தளத்தில் இருக்கிறார், படிக்கட்டும்.