பள்ளிக் கல்வி: எது சட்டம், எது அரசாணை, எது ஓராண்டு ஒதுக்கீடு?

அரசுப் பள்ளிகள் தொடர்பான அண்மைக்காலச் சட்டங்களையும் நிதி ஒதுக்கீடுகளையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: 2025-26ஆம் ஆண்டின் தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறைக்கு ரூ.46,767 கோடி ஒதுக்கியிருப்பதாகப் படித்தேன். எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். இவ்வளவு பணமும் எங்கே போகிறது?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தென்காசி மாவட்டம்

பதில்: நிதியமைச்சர் தங்கம் தென்னரசு 14 மார்ச் 2025 அன்று தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையில் உள்ள தொகைதான் அது. முந்தைய ஆண்டு இதே துறைக்கு ரூ.44,042 கோடி ஒதுக்கப்பட்டிருந்தது. ஆக, உயர்வு ரூ.2,725 கோடி, அதாவது ஏறக்குறைய ஆறு விழுக்காடு. அரசுப் பள்ளி ஆசிரியர்களின் ஊதியமும், உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு வழங்கும் ஊதிய மானியமும் இந்தத் துறைச் செலவின் பெரும்பகுதி என்பது தாங்கள் அறியாததல்ல. ஆண்டு ஊதிய உயர்வும் அகவிலைப்படி உயர்வும் சேர்ந்தாலே கூடுதலாகக் கிடைத்த தொகையில் பெரும்பங்கு கரைந்துவிடும். புதிய வகுப்பறை, சுற்றுச்சுவர், கழிப்பறை ஆகியவற்றுக்கான பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு அந்த ஆண்டு ஒதுக்கப்பட்டது ரூ.1,000 கோடி. மொத்தத் தொகையோடு ஒப்பிட்டால் இது இரண்டு விழுக்காட்டைச் சற்றே தாண்டும். ஆகவே, துறைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதைவிட, ஊதியம் போக எவ்வளவு மிஞ்சியது என்று கேட்பதே பொருத்தம்.

ஆனால் தங்கள் ஊர்ப் பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள் மட்டும் இருப்பதற்கு நிதிநிலை அறிக்கை நேரடிக் காரணம் அன்று. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அதன் அட்டவணையில், 60 மாணவர்கள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்று வரையறுத்திருக்கிறது. அந்தச் சட்டம் தலைகளை எண்ணுகிறதே ஒழிய வகுப்புகளை எண்ணுவதில்லை. மாணவர் எண்ணிக்கை குறைந்த கிராமங்களில், சட்டத்தை முழுமையாகக் கடைப்பிடிக்கும் பள்ளியிலேயே ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அட்டவணை கூறுவது குறைந்தபட்ச வரம்பு மட்டுமே. கூடுதலாக நியமிக்க மாநில அரசுக்கு எந்தத் தடையும் இல்லை. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற கோரிக்கையை எழுப்புவோர் நிதியமைச்சரிடம் மட்டும் முறையிடாமல், பணியிட நிர்ணய விதியை மாற்றுமாறு பள்ளிக் கல்வித் துறையிடமும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் கட்டணம் கட்டிப் படித்தாள். குடும்பச் சூழ்நிலையால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறாள். நீட் தேர்வில் தேர்ச்சி பெற்றால் 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டில் அவளுக்கு இடம் கேட்க முடியுமா?
— ஒரு தாய், ஆரணி

பதில்: முடியாது, அம்மா. இதை இப்போதே தெரிந்துகொள்வது, கலந்தாய்வு நாளில் தெரிந்துகொள்வதைவிட நல்லது என்பதால் நேரடியாகச் சொல்கிறேன். மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு இடங்களை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கும் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டுக் கட்டணமில்லா ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் சேர்ந்து எட்டாம் வகுப்பு முடித்து, அதன்பின் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் தகுதியுடையவர்கள். தங்கள் மகள் கட்டணம் கட்டிப் படித்ததால் இந்த விலக்கு பொருந்தாது. பொதுப் பிரிவிலும் வகுப்புவாரி இடஒதுக்கீட்டிலும் அவர் போட்டியிட எந்தத் தடையும் இல்லை.

இதே நிலையில் உள்ள பிற பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும், பழங்குடியினர் நலப் பள்ளிகளும், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும், வனத்துறைப் பள்ளிகளும் இந்தச் சட்டத்தில் அரசுப் பள்ளிகளாகவே கருதப்படுகின்றன. இடையில் பள்ளி மாறியிருந்தால், ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் படிப்புச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொள்வது நல்லது.

இந்தச் சட்டம் பிறந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த கேள்விக்கும் அது தேவைப்படும். நீட் வந்தபின் அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவுக்குக் குறைந்தனர். ஓய்வுபெற்ற நீதிபதி பி.கலையரசன் தலைமையிலான ஆணையம் 10 விழுக்காடு ஒதுக்கப் பரிந்துரைத்தது. அமைச்சரவை அதை 7.5 ஆக்கியது. 2020 செப்டம்பரில் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநரின் ஒப்புதல் வாரக்கணக்கில் வராத நிலையில், மாநில அரசின் நிர்வாக அதிகாரத்தைக் கூறும் அரசமைப்புச் சட்டத்தின் 162ஆம் பிரிவைப் பயன்படுத்தி அக்டோபர் 29 அன்று அரசாணை வெளியிடப்பட்டது. மறுநாளே ஆளுநர் ஒப்புதல் அளித்தார். அந்த ஒரு நாள் இடைவெளியைத் தற்செயல் என்று நம்புவோர் நம்பலாம். 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளுக்கும் இதே 7.5 விழுக்காட்டைத் தனிச் சட்டம் விரிவுபடுத்தியது. இவ்வாறு சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

கேள்வி: காலை உணவுத் திட்டத்தை எங்களைப் போன்ற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் நீட்டித்தார்கள், புதுமைப்பெண் திட்டத்தையும் நீட்டித்தார்கள். 7.5 விழுக்காட்டை மட்டும் ஏன் நீட்டிக்கவில்லை?
— உதவிபெறும் பள்ளி ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: தாங்கள் குறிப்பிட்ட மூன்றும் மூன்று வெவ்வேறு அடித்தளங்களில் நிற்கின்றன. காலை உணவுத் திட்டம் 15 செப்டம்பர் 2022 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. இவை ஒவ்வொன்றுக்கும் தேவைப்பட்டது நிதி ஒதுக்கீடும் அரசாணையும்தான். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு உயர்கல்வியின்போது மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப்பெண் திட்டமும் அப்படியே உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியருக்கு நீட்டிக்கப்பட்டது. 7.5 விழுக்காடோ சட்டம். யார் அரசுப் பள்ளி மாணவர் என்பதை அச்சட்டமே வரையறுத்துவிட்டதால், அதை விரிவாக்க வேண்டுமானால் சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்ற வேண்டும். ஆளுநர் ஒப்புதலும் வேண்டும். நீதிமன்ற ஆய்வுக்கும் அது தாக்குப்பிடிக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, ஐந்தாண்டுக்குள் இதை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்றும் கூறியிருக்கிறது. உதவிபெறும் பள்ளிகள் தங்கள் வாதத்தை முன்வைக்க அந்த மறு ஆய்வே தகுந்த இடம். அதே நேரத்தில், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5ஐயே பங்குபோட்டுக்கொள்வதா, தனி ஒதுக்கீடு கேட்பதா என்பதையும் முடிவு செய்துகொண்டு போக வேண்டும். முதலாவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். எளிதில் விரிவாக்கத்தக்கது எளிதில் சுருக்கத்தக்கதும்கூட. மதிய உணவு 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவில் எட்டாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளின் உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது. அதை நிறுத்தும் அரசை நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். காலை உணவுக்கு அப்படிப்பட்ட காப்பு எதுவும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கீடு தொடர்ந்தால் மட்டுமே அது தொடரும். இத்தனை லட்சம் குழந்தைகள் உண்ணும் உணவுக்கு மாநிலச் சட்டமன்றம் ஒரு சிறு சட்டமாவது இயற்றியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: ஒன்றிய அரசு நிறுத்திவைத்ததாகச் சொல்லப்படும் ரூ.2,152 கோடி எந்தப் பணம்? இதில் யார் பக்கம் நியாயம்?
— கல்லூரி மாணவர், கரூர்

பதில்: அது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், அதாவது சமக்ர சிக்ஷாவில், ஒன்றிய அரசின் பங்கு. 2024-25ஆம் ஆண்டுக்கு இத்திட்டத்தின் கீழ்த் தமிழ்நாட்டுக்கு ஒப்பளிக்கப்பட்ட மொத்தத் தொகை ரூ.3,585.99 கோடி. அதில் 60 விழுக்காடான ரூ.2,151.59 கோடியை ஒன்றிய அரசும் எஞ்சியதை மாநில அரசும் தர வேண்டும். தேர்ந்தெடுத்த பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக மேம்படுத்தும் பி.எம்.ஸ்ரீ என்ற வேறொரு ஒன்றிய அரசுத் திட்டத்துக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததே தொகை வராததற்குக் காரணம். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்றதாகும். மும்மொழித் திட்டமும் அதில் அடங்கும் என்பது மாநிலத்தின் மறுப்பு. மாநிலத் தலைமைச் செயலாளர் 15 மார்ச் 2024 அன்று எழுதிய கடிதத்தில் கையெழுத்திட விருப்பம் தெரிவித்ததை ஒன்றியக் கல்வி அமைச்சர் சுட்டிக்காட்டுகிறார். குழு ஒன்றின் பரிந்துரைக்கு உட்பட்டே அவ்வாறு எழுதியதாக மாநில அரசு விளக்குகிறது.

நியாயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சமக்ர சிக்ஷா 2018இல் தொடங்கியது, பி.எம்.ஸ்ரீ 2022இல் வந்தது. பின்னால் வந்த ஒரு விருப்பத் திட்டத்தை ஏற்கவில்லை என்பதற்காக, முன்பே இருந்த திட்டத்தின் பணத்தை, அதுவும் ஆசிரியர் ஊதியத்துக்கும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர்களுக்கும் போகும் பணத்தை, நிறுத்துவது முறையாகாது. கல்வி 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குப் போனதேயன்றி, ஒன்றியப் பட்டியலுக்குப் போகவில்லை. மாநில அரசு 2025 மே மாதத்தில் வட்டியுடன் ரூ.2,291 கோடி கேட்டு உச்ச நீதிமன்றத்தில், ஒன்றிய-மாநிலத் தகராறுகளை நேரடியாக அங்கே கொண்டுபோக வழிசெய்யும் அரசமைப்புச் சட்டத்தின் 131ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடுத்தது. கேரளம் வேறு வழியில் போய்ப் பார்த்தது. 2025 அக்டோபரில் பி.எம்.ஸ்ரீயில் கையெழுத்திட்டுவிட்டு, கூட்டணிக் கட்சியின் எதிர்ப்பால் சில நாள்களுக்குள்ளேயே அதை நிறுத்திவைத்தது.

மாநில அரசின் பக்கமும் ஒரு குறை உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் 25 விழுக்காட்டு இடங்களுக்கான சேர்க்கை 2025-26இல் வழக்கமான கோடைக் காலத்தில் தொடங்கவேயில்லை. பணம் வரவில்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. இந்தச் சட்டத்துக்கான பங்கைத் தேசியக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போடத் தேவையில்லை என்று ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. பின்னர் அந்தப் பங்கு விடுவிக்கப்பட்டு, அக்டோபரில் சேர்க்கை தொடங்கியபோது காலாண்டுத் தேர்வே முடிந்திருந்தது. சட்டம் தந்த உரிமையை இரு அரசுகளின் கணக்குத் தீரும்வரை காத்திருக்கச் சொல்வதற்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

கேள்வி: பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கிவிட்டார்கள். இருமொழிக் கொள்கையும் தொடரும் என்கிறார்கள். இவை சட்டமா, வெறும் கொள்கையா?
— பள்ளி மாணவரின் தந்தை, திருச்சி

பதில்: 8 ஆகஸ்ட் 2025 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, சட்டமன்றம் இயற்றிய சட்டம் அன்று; அரசின் கொள்கை ஆவணம். பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2017-18இல் ஓர் அரசின் முடிவால் வந்தது, 2025-26இல் இன்னோர் அரசின் முடிவால் போனது. நாளை வேறோர் அரசு திரும்பக் கொண்டுவரவும் கூடும். இருமொழிக் கொள்கை 1968 ஜனவரியில் சட்டமன்றத்தில் நிறைவேறிய தீர்மானத்தில் வேர்கொண்டது. தீர்மானத்துக்குச் சட்டத்தின் கட்டுப்படுத்தும் வலிமை இல்லை என்றாலும், இத்தனை ஆண்டுகளில் எந்த ஆட்சியும் அதைத் தொட்டதில்லை. பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் மட்டும் முழுமையான சட்டம்.

கேள்வி: பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். பள்ளிக்கு மானியம் வந்ததா, எவ்வளவு வந்தது என்று யாரும் சொல்வதில்லை. எதைக் கேட்க வேண்டும்?
— பெரம்பலூர் மாவட்டம்

பதில்: சமக்ர சிக்ஷாவின் தொகுப்பு மானியத்துக்குத் தெளிவான படிநிலை உண்டு. 30 மாணவர்கள் வரை உள்ள பள்ளிக்கு ரூ.10,000, 100 வரை ரூ.25,000, 250 வரை ரூ.50,000, 1,000 வரை ரூ.75,000, அதற்கு மேல் ரூ.1 லட்சம். இதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குச் செலவிடப்பட வேண்டும். சுண்ணாம்பு அடிப்பதும், பழுதான குழாயை மாற்றுவதும், மின்கட்டணம் கட்டுவதும் இந்தப் பணத்தில்தான். ஒன்றியப் பங்கு தடைபட்டால் முதலில் அடிபடுவதும் இதுதான் என்பதால், மேலே சொன்ன வழக்கு தங்கள் பள்ளியின் குழாயையும் தொடுகிறது.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தங்கள் குழுவுக்கு, மானியம் எப்படிச் செலவாகிறது என்பதைக் கண்காணிக்கும் அதிகாரத்தைத் தருகிறது. உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எனவே தலைமையாசிரியரிடம் கேட்பதை மனக்கசப்பாக்க வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்தில், இந்த ஆண்டு வரவான மானியத் தொகையையும் தேதியையும் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். வரவே இல்லை என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள். மாநில அளவில் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று பார்க்க விரும்பினால், மானியக் கோரிக்கை எண் 43இன் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே கிடைக்கிறது. இரண்டுக்கும் இடையில் பணம் எங்கே நின்றது என்பதை, பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாவட்ட அலுவலகத்திடம் கேட்கலாம்.