கட்டிலோரம் குழந்தைகள்

அன்புள்ள டாக்டர்,

அம்மாவுக்கு 74 வயது. அல்சைமர் மறதி நோய் என்று சொல்லி இரண்டு வருடமாகிறது. ஆறேழு மாதமாக, "என் சங்கிலியை அவ எடுத்துட்டா" என்று அண்ணி மேல் பழி போடுகிறார். சாயங்காலமானால், "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று வாசலில் வந்து நிற்கிறார். நாலு நாளாக ராத்திரியில் தூக்கமே இல்லை. கட்டிலோரம் குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார்; பகலில் தூங்கி வழிகிறார். நோய் முற்றிவிட்டதா? தூக்க மாத்திரை கொடுக்கலாமா? அண்ணி மனசு விட்டுப்போயிருக்கிறார்.

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த நாலு நாளைப் பார்ப்போம். அல்சைமர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நகரும் நோய். நாலே நாளில் ஆள் மாறி, ஒரே நாளுக்குள் தெளிவும் குழப்பமும் மாறி மாறி வந்தால், அதை டெலிரியம் எனும் திடீர் மனக்குழப்பம் என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அது அவசர நிலை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, உடம்பில் நீர் வற்றுவது, சோடியம் குறைவது, புதிதாகச் சேர்ந்த மாத்திரை என்று எதுவும் காரணமாக இருக்கலாம். இந்த வயதில் தொற்று இருந்தும் காய்ச்சல் தெரியாமல் போகலாம்.

இன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். கடைசியாக எப்போது வெளிக்குப் போனார், சிறுநீர் எத்தனை முறை போகிறது, எங்காவது விழுந்தாரா என்று அண்ணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரைப் பையை அப்படியே கையில் எடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் சளிக்கு வாங்கும் குளோர்பெனிரமின் கலந்த மாத்திரைகூட இவர்களுக்குக் குழப்பத்தைக் கிளப்பும். தூக்க மாத்திரையும் அப்படித்தான். நீங்களாகக் கொடுக்கவே வேண்டாம்.

சோதனைகளில் ஒன்றும் தெரியாமல், குழந்தைகள் மட்டும் தொடர்ந்து தெரிந்தால், கண்புரையால் பார்வை மங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கூடவே லூயி பாடி வகை மறதி நோயாக இருக்குமா என்றும் கேளுங்கள். அந்த வகையில் ஆட்களும் விலங்குகளும் தெளிவாகக் கண்ணில் தெரிவது வழக்கம். அவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்து கொடுத்தால் உடம்பு மரக்கட்டையாக விறைத்துப் போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே மருந்து எழுதுவதற்கு முன்பே குழந்தைகள் தெரியும் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

திருட்டுப் பழி வேறு விஷயம். 1901இல் பிராங்ஃபர்ட்டில் டாக்டர் அல்சைமர் பார்த்த அகஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணிடம் முதலில் தெரிந்ததே கணவர் மேல் வந்த சந்தேகம்தான். ஆகவே இதை மாமியார் குணம் என்று நினைக்காதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று அம்மாவே எங்கோ வைத்திருப்பார். வைத்தது நினைவில் இல்லை. சங்கிலி இல்லாதது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. நடுவிலுள்ள ஓட்டையை மூளை ஒரு திருடனை வைத்து அடைக்கிறது. நாள் முழுக்கப் பக்கத்தில் நிற்பவர் அண்ணி, அதனால் பழி அவர் மேல் விழுகிறது. "நீங்கதான் எங்கயோ வெச்சுட்டீங்க" என்று வாதாடினால் சந்தேகம் இன்னும் இறுகும். "வாங்கம்மா, சேர்ந்து தேடலாம்" என்று தலையணை உறை, அரிசி டப்பா, புடவை மடிப்பு என்று தேடுங்கள். தங்கத்தை லாக்கரில் வைத்துவிட்டு அதே மாதிரி கவரிங் சங்கிலி ஒன்று போட்டுவிடுங்கள்.

சாயங்காலத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். மணி, அதற்குச் சற்று முன் நடந்தது, அம்மா சொன்னது, நீங்கள் செய்தது, அடங்க எத்தனை நிமிடம் என்று ஒரு வாரம் எழுதினாலே பல நேரங்களில் பிடி கிடைக்கும். பசியா, பாத்ரூம் போக வேண்டுமா, முழங்கால் வலியா, டிவி சத்தமா? இருட்டுமுன்பே விளக்கைப் போடுங்கள். நாலரைக்குள் டிபன் கொடுங்கள், மத்தியானத்துக்குப் பின் காபி வேண்டாம். "இதுதான் உங்க வீடு" என்று திருத்தாமல், "அங்க யாரெல்லாம் இருப்பாங்க?" என்று கேட்டபடி நாலு எட்டு கூட நடந்து வாருங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன்: மற்ற நேரங்களில் அம்மா சும்மாவே உட்கார்ந்திருக்கிறாரா? யாருக்கும் தொந்தரவில்லை என்பதால் குடும்பங்கள் அதைச் சொல்வதேயில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. எதிலும் நாட்டமில்லாமல், வருத்தமும் இல்லாமல் இருந்தால் அது நோயின் ஒரு முகம். அழுகை, சாப்பாட்டை ஒதுக்குவது, "நான் போயிட்டா தேவல" என்ற பேச்சு இருந்தால் மனச்சோர்வாக இருக்கலாம். அதைக் கவனித்தால் பலன் உண்டு.

மனநோய் மருந்துகள் கடைசிப் படி. மறதி நோயுள்ள முதியவர்களுக்கு அவற்றால் மரண அபாயம் கூடுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005இலேயே எச்சரித்தது. தவிர்க்க முடியாமல் தொடங்கினால், எப்போது நிறுத்திப் பார்ப்பது என்பதை அன்றே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணிக்கு வாரத்தில் ஒரு முழு நாளாவது விடுப்பு வேண்டும். அன்று அம்மாவோடு நீங்கள் இருங்கள். நோட்டையும் அன்று நீங்களே எழுதுங்கள்.