காதில் செருகும் இ.இ.ஜி. கருவியை நம்பலாமா?

மூளையின் மின்னலைகளைப் பதிவதுதான் இ.இ.ஜி. அதைக் காதுக்குள் பொருத்திப் பதியும் கருவிகள் பற்றிப் பினாங்கு வாசகர்கள் மூவர் கேட்டிருக்கிறார்கள்.

உப்புக் கலந்த அகார் அகாரில் வார்த்த மாதிரித் தலையில் எங்கள் கருவி தேறிவிட்டது. விற்பனைக்குப் போகலாமா?
(பொறியாளர், பாயான் லெப்பாஸ்)

போகக்கூடாது. மாதிரித் தலைக்குள் நீங்கள் செலுத்திய 10 ஹெர்ட்ஸ் (விநாடிக்குப் பத்து அதிர்வு) அலை மாறாமல் திரும்பி வந்தால் மின்சுற்று ஒழுங்காக இருக்கிறது, அவ்வளவுதான். அகார் அகார் மெல்லாது, வியர்க்காது, அதன் காதில் குறும்பியும் சேராது. மனிதக் காதிலோ மின்முனைகள் நெருக்கமாக இருப்பதால் மூளையின் அலை சில மைக்ரோவோல்ட்டாகச் சுருங்கிவிடுகிறது. பல்லைக் கடித்தாலே தாடைத் தசையின் மின்சாரம் அதை மூழ்கடித்துவிடும்.

மனித மூளையின் மின்பதிவை 1929இல் முதலில் வெளியிட்ட ஹான்ஸ் பெர்கர் கண்ட ஆல்ஃபா அலைதான் இன்றும் நல்ல உரைகல். கண்ணை மூடும்போது 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரையிலான அலை ஓங்க வேண்டும்; திறந்தால் அடங்க வேண்டும். அதே நேரத்தில் தலையின் மேல் வழக்கமான இ.இ.ஜி.யும் ஓடட்டும், இரண்டும் ஒரே கடிகாரத்தில். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என எடுத்தால் ஒப்பீடு செல்லாது. சிலருக்கு இயல்பிலேயே ஆல்ஃபா குறைவு என்பதால் ஒருவரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கழற்றி மறுபடி பொருத்தியும் பாருங்கள். நம்மூர்ப் புழுக்கத்தில், குளிர்சாதன அறைக்கு வெளியே எடுத்த பதிவு இல்லாத அறிக்கையை நான் ஏற்பதில்லை.

இரவெல்லாம் புரண்டு படுக்கிறேன். நன்றாகத் தூங்கியதாகக் கருவி சொல்கிறது. 90 விழுக்காட்டுக்கு மேல் துல்லியம் என்றுதானே விற்றார்கள்?
(ஆசிரியை, ஆயர் ஈத்தாம்)

படுத்த எட்டு மணி நேரத்தில் ஏழரை மணி நேரம் தூங்குபவரிடம், இரவு முழுக்கத் தூக்கம் என்றே சொல்லும் கருவியும் ஏறத்தாழ 94 விழுக்காடு சரியாகிவிடும்! விழித்திருந்த நேரத்தில் எவ்வளவைப் பிடித்தது என்று கேளுங்கள். தூக்க ஆய்வகப் பதிவோடு 30 விநாடித் துண்டுகளாக ஒப்பிட்டார்களா, தூக்கமின்மை உள்ளவர்களிடம் சோதித்தார்களா என்றும் கேளுங்கள்.

மகனுக்கு வலிப்பு நோய். மருத்துவமனை இ.இ.ஜி.க்குப் பதிலாக இதை வாங்கலாமா?
(தாய், பட்டர்வொர்த்)

வேண்டாம், அம்மா. காதில் இருக்கும் மின்முனை காதை ஒட்டிய மூளைப் பகுதியைத்தான் நன்றாகப் பிடிக்கும். நெற்றிப் பக்கமோ பின்மண்டையிலோ தொடங்கும் வலிப்பு அதற்குத் தப்பிவிடலாம். விற்பவரிடம் மலேசிய மருத்துவச் சாதன ஆணையத்தின் பதிவு எண்ணையும், எந்தப் பயன்பாட்டுக்கான பதிவு என்பதையும் கேளுங்கள். கருவி எதைக் காட்டினாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். வலிப்பு வரும்போது பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் கைபேசியில் காணொளி எடுக்கச் சொல்லுங்கள். மருத்துவருக்கு அது மிகவும் உதவும்.